விட்டுப்போன ஒரு காட்சி

பரஞ்சோதி காலமான ஐந்தாம் மாதத்தில்தான் தொலைக்காட்சியில் முதன்முதலாகக் காதலைச் சொன்னார். உயிரோடிருந்தவரை அவருக்கு அப்படியொரு வசனத்தை எவரும் எழுதியதில்லை. கதாநாயகனின் அண்ணன், கதாநாயகியின் தந்தை, நேர்மையான காவல் ஆய்வாளர் ஆகியோராகவே அவர் நடித்துவந்தார். இவர்கள் எல்லாரும் கதை நகர்வதற்காக இறந்துபோகிறவர்கள். சின்னத்திரையில் அவரைப்போல் இறக்க ஆளில்லை என்று, நடிகர்கள் நிறைந்த சாலிகிராமத்தில் சொல்வார்கள். அது பாராட்டுத்தான், ஆனாலும் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் நாள்களில் அவர் சற்றுக் குறைவாகவே சாப்பிடுவார்.

அந்தக் காதல் வசனத்தை முதலில் கேட்டவள், ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடி அறைக்குள் நின்றிருந்த அவருடைய மனைவி வாசுகி. கேட்டதோடு முடியவில்லை, அதற்குப் பதிலும் அவள்தான் சொல்லவேண்டியிருந்தது. கதாநாயகி இஷிதா மும்பையிலிருந்து வந்தவள். தமிழ் தெரியாத கதாநாயகிகள் வசனத்துக்குப் பதிலாக எண்களைச் சொல்லி உதட்டை அசைப்பதும், பிறகு வேறொருத்தி அந்த அசைவுக்குக் குரல் கொடுப்பதும் தொழிலில் வழக்கம்.

திரையில் பரஞ்சோதி, "உன்னை நேசிப்பவன் மழைக்காலம் முடியுமுன் இறந்துவிடுவான் என்கிறார்கள். எனக்கு மழை பிடிக்கும்" என்றார்.

இஷிதா கண்கலங்க, இந்தியில், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்றாள். அந்த எண்களின்மேல் வாசுகி, "போய்விடுங்கள். இந்த வீட்டைவிட்டுப் போய்விடுங்கள்" என்ற சொற்களைப் பொருத்தினாள். முதல் தடவையிலேயே பொருந்தின. ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் தண்ணீர் கேட்டாள்.

தொடரின் பெயர் பனிமாடம். பழைய நாவல் ஒன்றின் தழுவல். மலையுச்சியில் ஒரு மாளிகை; அதில் யாமினி என்றொரு பெண்; அவளைக் காதலிக்கும் ஆண்கள் அனைவரையும் கொல்லும் ஒரு சாபம்; அது தெரிந்தும் வந்து தங்கும் நடுவயது மருத்துவர் மாதவராயன். மழைக்காலத்தின் கடைசி நாளில் அவன் அவள் மடியில் இறக்கிறான். நாவலில் அவன் எழுவதில்லை. நூலாசிரியர் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டதால் அதைத் தொடராக்குவதற்கு அவரிடம் அனுமதி கேட்கும் அவசியம் எவருக்கும் நேரவில்லை. மாதவராயனுக்கு வயதும் களைப்பும் தெரிகிற முகம் வேண்டும் என்று இயக்குநர் தாமோதரன் பிடிவாதம் பிடித்ததால், நாற்பத்தெட்டாம் வயதில் பரஞ்சோதி கதாநாயகன் ஆனார். காதல் காட்சிகள் வருமுன் சில வாரங்கள் நடித்தார். பிறகு ஒரு பிற்பகலில், படப்பிடிப்புக்குப் போகும் வழியில், காருக்குள்ளேயே மாரடைப்பு வந்தது. அந்த நேரத்தில் வாசுகி வேறொரு தொடரில், வேறொருத்தியின் கணவனுக்காக அழுதுகொண்டிருந்தாள். கைப்பேசி கண்ணாடி அறைக்கு வெளியே இருந்தது. அழுகை மிகவும் இயல்பாக வந்திருப்பதாக எல்லாரும் பாராட்டிய பிறகே அவள் அதை எடுத்துப் பார்த்தாள்.

சாயல் சட்டம் வந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்த நடிகரின் சாயலைக் குடும்பத்தின் சம்மதத்தோடு உருவாக்கித் திரையில் உலவவிடலாம். ஒருவருக்கு ஒரு சாயல்தான். நகலெடுத்து வைத்தால் சிறை. வாசுகியின் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் விளக்கியவள் ஷெரின் என்ற பொறியாளர். நாகர்கோவில்காரி, முப்பது வயதிருக்கும், கணிப்பொறி படித்தவளே தவிர சினிமாக்காரி அல்லள்.

"சாயல்னா பொம்ம மாதிரி இல்ல மேடம். சார் நடிச்சத எல்லாம் அது பார்க்கும். பார்த்துப் பார்த்து, இந்த இடத்துல சார் இருந்தா என்ன பண்ணுவார்னு கத்துக்கும். நீங்க எவ்வளவு தர்றீங்களோ அவ்வளவு சார் வருவார்."

"டிவில வந்ததெல்லாம் போதுமா?"

"போதாது. வெட்டிப் போட்டதும் வேணும். கேமரா ஓட ஆரம்பிச்சதுலேருந்து நிக்கிற வரைக்கும் எல்லாம். அதுலதான் ஆளு இருப்பாங்க."

"எனக்குப் பிடிக்கலேன்னா திருப்பி வாங்கிக்கலாமா?"

"கொடுத்தத வாங்க முடியாது. அது ஏற்கெனவே கத்துக்கிட்டிருக்கும் இல்லியா?"

வாசுகி யோசித்தாள். இருபதாண்டு காத்திருந்து கிடைத்த ஒரே கதாநாயக வேடம் பாதியில் நிற்கிறது. அதை முடித்துவைப்பதில் தவறில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தொலைக்காட்சி நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த நந்தகோபாலிடம் அவள் ஒரே நிபந்தனையைத்தான் சொன்னாள்.

"கதையில மாதவராயன் சாகிற வரைக்கும். அது டிவில வந்த அன்னிக்கே சாயல அழிச்சிடணும்."

"அதுக்கென்னங்க மேடம், தாராளமா! கடைசில சாகறார்னுதான் புஸ்தகத்துலயே அச்சடிச்சிருக்கே" என்று நந்தகோபால் உடனே கையெழுத்திட்டார். அவ்வளவு விரைவாகக் கையெழுத்திடுபவர்களை நம்பக்கூடாது என்பது அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

சாயல் வந்தது. ஊர் பரஞ்சோதியை நாள்தோறும் பார்த்தது. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பியது. அடுக்குமாடிக் காவலாளி, "சார் நேத்து அசத்திட்டாரும்மா" என்றார். அது அவர் இல்லையென்று வாசுகி முதலில் திருத்திக்கொண்டிருந்தாள். பிறகு, "சொல்றேன்" என்று மட்டும் சொல்லலானாள். பிற்பகல்தோறும் இரண்டு மணி நேரம் கண்ணாடி அறையில் அவரோடு பேசினாள். வீட்டில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் மின்கட்டணத்தைப் பற்றியும்தான். இங்கே அவர் நிலவைப் பற்றிப் பேசினார். ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அவள் ஒலிப்பதிவுக்கு இஸ்திரி போட்ட சேலையில் போகத் தொடங்கியிருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மழைக்காலம் கதையில் முடிவுக்கு வந்தது. மாதவராயனின் மரணக் காட்சி தயாரானதும் அதைப் பார்க்கத் தாமோதரன் வாசுகியை அழைத்தார். சிறிய திரையரங்கில் அவர், ஷெரின், அவள் ஆகிய மூவர் மட்டும் இருந்தார்கள்.

மாதவராயன் யாமினியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தான். வெளியே மழை ஓய்ந்தது. அவன் விரல்கள் அவள் சேலைத்தலைப்பைப் பற்றின. பிறகு பற்றுவதை மறந்தன. மூச்சு ஒருமுறை ஏறி, இறங்குவதற்கு இடம் தேடி, இறங்கியது. கண்கள் பாதி மூடிய நிலையில் நின்றன.

"எப்படிச் சாகறான் பாரு என் நண்பன்" என்றார் தாமோதரன் தழுதழுத்து.

அப்போது திரையில் பரஞ்சோதி கண்ணைத் திறந்தார். இஷிதாவின் மடியிலிருந்தபடியே தலையைத் திருப்பி, நேராகக் கேமராவைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார். கைகளைக் குவித்துக் கும்பிட்டார். எழுந்து உட்கார்ந்து முழங்காலிலிருந்த தூசியைத் தட்டினார்.

தாமோதரன் ஷெரினின் பக்கம் திரும்பினார்.

"இது எங்கேருந்து வருதுன்னு தெரியல சார்" என்றாள் ஷெரின். "ரெண்டு நாளா மாத்தி மாத்திப் பண்றேன். சாகறது ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வருது. எந்திரிச்சுச் சிரிக்கிறது மட்டும் அப்படியே வருது."

தாமோதரன் சிரிக்கத் தொடங்கினார். நெடுநேரம் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உனக்கு யாருமே சொல்லலியா? பொணமா நடிச்சா, கட் சொன்னதும் கேமராவ நிறுத்தக்கூடாது. ஆளு கண்ணத் தொறந்து கேமராவப் பார்த்துச் சிரிச்சுக் கும்பிட்டுத்தான் எந்திரிக்கணும். இல்லேன்னா நிஜமாயிடும்னு ஒரு பயம். எல்லா யூனிட்லயும் உண்டு."

"இத ஏன் சார் யாருமே எங்கிட்டச் சொல்லல?"

"இதெல்லாமா சொல்லுவாங்க? சாப்பிட்டா கை கழுவணும்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கியா?"

ஷெரின் தன் மடிக்கணினியைப் பார்த்தாள். "அப்ப புரியுது. இவ்வளவு தடவ செத்திருக்கார். ஒரு தடவகூட எந்திரிக்காம இருந்ததில்ல. சாவுன்னா அதுக்கு இதுதான் சார். படுக்கணும், மூச்ச விடணும், எந்திரிச்சுக் கும்பிடணும்."

ஏன் ஒரு தடவைகூட விட்டுப்போகவில்லை என்பது வாசுகிக்குத்தான் தெரியும். அவர் இறக்கும் நாள்களில் எல்லாம் அவள் தொலைபேசியில் கேட்பாள்: "சிரிச்சீங்களா?" "சிரிச்சேன்." "கேமராவப் பார்த்தா?" "பார்த்துத்தான்டி." ஒருமுறை செங்கல்பட்டுப் பக்கம் படப்பிடிப்பு; அவசரத்தில் மறந்துவிட்டார். அவள் வீட்டுக்குள் விடவில்லை. அவர் அதே ஆட்டோவில் திரும்பிப் போய், மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒளிப்பதிவாளரின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டு, புளியமரத்தடியில் மறுபடியும் படுத்து, இறந்து, சிரித்துவிட்டு வந்தார்.

"சரி விடு. எந்திரிக்கிறதுக்கு முன்னால வெட்டிட்டாப் போச்சு. ஒரு கத்தரிக்கோல் வேல" என்றார் தாமோதரன்.

ஆனால் சாயலின் காட்சிகள் தயாரானவுடனேயே நிறுவனத்துக்கும் போய்ச் சேரும்படி ஏற்பாடு இருந்தது. மறுநாள் நந்தகோபால் மூவரையும் அழைத்தார். அவர் முகத்தில் பரஞ்சோதியின் சிரிப்புக்குச் சற்றும் குறையாத சிரிப்பு இருந்தது.

"சார், என்ன சார் இது, இவ்வளவு பெரிய விஷயத்தைச் சும்மா வெட்டிப் போடப் பார்த்தீங்களாமே? நூறு பேர உட்கார வெச்சுப் போட்டுக் காட்டினோம்ங்க. செத்தப்ப அழுதாங்க. எந்திரிச்சப்ப ஒரு அம்மா கற்பூரம் கேட்டாங்க சார், கற்பூரம்! காதல் சாபத்த ஜெயிச்சிருச்சு. இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்."

"நாவல்ல அவர் எந்திரிக்கல" என்றாள் வாசுகி.

"நாவல் படிக்கிறவங்க சீரியல் பார்க்கிறதில்லைங்க மேடம்."

"ஒப்பந்தம் அவர் சாகிற வரைக்கும்தான்."

"அதேதாங்க நானும் சொல்றேன். அவர்தான் சாகலியே."

"செத்துட்டு எந்திரிக்கிறார்."

நந்தகோபால் இதையும் எதிர்பார்த்திருந்தார். "அப்ப அது ஆவிங்க மேடம். ஆவி வேற கேரக்டர். ஒப்பந்தத்துல ஆவியப் பத்தி ஒரு வரி கிடையாது. வக்கீல்கிட்டக் கேட்டுட்டேன்."

"உனக்கு மனசாட்சி இருக்காய்யா?" என்றார் தாமோதரன்.

"இருக்குங்க சார், அதுவும் பார்த்துச்சு, அதுக்கும் பிடிச்சிருந்துச்சு." பிறகு நந்தகோபால் குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலில் உண்மையான பரிவு இருந்தது. அதுதான் வாசுகியை வதைத்தது. "மேடம், கோவிச்சுக்காதீங்க. எங்களுக்காக மட்டும் சொல்லல. தெனமும் ரெண்டு மணி நேரம் அவரப் பார்க்கறீங்க, பேசறீங்க. இந்த ஊர்ல எந்தப் பொண்ணுக்குங்க இது கெடைக்கும்? நீங்களா எதுக்கு அத வேண்டாங்கறீங்க?"

இஸ்திரி போட்ட சேலையில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றபோது ஷெரின், "மேடம், உங்களுக்கு இது வேணுமா வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

வாசுகி தேநீரை ஆற்றிக்கொண்டே நின்றாள். அந்தச் சிரிப்புக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. இது நடிப்பு, நான் சாகவில்லை, வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன். இருபதாண்டுகளாக அவள் கேட்டு வாங்கிய உறுதிமொழி அது. நிலவைப் பற்றி அது என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அது மாதவராயனின் பேச்சு. சிரிப்பு பரஞ்சோதியுடையது. அதைச் செய்துகாட்டி அவளிடம் பொய் சொல்லும் உரிமையை அவள் எந்தச் சாயலுக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

"வேண்டாம்" என்றாள்.

"அப்படின்னா ஒரு வழி இருக்கு. எனக்கு அதச் சொல்லவே கஷ்டமா இருக்கு." ஷெரின் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "அது எந்திரிக்காம இருக்கிறத ஒரு தடவகூடப் பார்த்ததில்ல. பார்த்தா கத்துக்கும். சட்டப்படி குடும்பம் எப்ப வேணும்னாலும் புதுசா ஒண்ணு கொடுக்கலாம். யாரும் தடுக்க முடியாது. கொடுத்தத யாரும் எடுக்கவும் முடியாது. சார் எந்திரிக்காத மாதிரி ஏதாவது உங்ககிட்ட…"

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை.

இறுதிச் சடங்கு நாளன்று வாசுகியின் தம்பி எல்லாவற்றையும் படமெடுத்திருந்தான். வெளிநாட்டிலிருந்த உறவினர்களுக்காக எடுத்தது. அவர்கள் பார்த்துவிட்டார்கள், அவள் பார்த்ததில்லை. அடுத்த நாள் பிற்பகல், ஷெரினின் அறையில், தாமோதரனும் உடனிருக்க, அவள் அதை முதன்முறையாகப் பார்த்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பரஞ்சோதி படுத்திருந்தார். தலைமாட்டில் குளிர்ப்பெட்டியின் இயந்திரம் முனகியது. நடிகர்கள் வரிசையில் வந்தார்கள், மாலை வைத்தார்கள், கேமரா இருப்பதை ஓரக்கண்ணால் பார்த்து முகத்தைச் சரிசெய்துகொண்டார்கள். அழுகிறவர்களில் யார் நடிக்கிறார்கள், யார் நடிக்கவில்லை என்று குரலை வைத்தே அவளால் சொல்ல முடிந்தது. தான் மட்டும் ஒரு ஓரத்தில், ஒலியே இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். அவள் அன்று அழவில்லை. சொந்தமாக அழுவது எப்படி என்று தெரியாமல் போய்விட்டதுபோல உட்கார்ந்திருந்தாள்.

தூக்குவதற்கு முன் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். அப்போது தாமோதரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, செத்தவரின் கன்னத்தைத் தட்டினார்.

"கட் சொல்லிட்டேன், ஜோதி. ஷாட் ஓகே. சிரிச்சிட்டு எந்திரிடா. போதும்டா. கேமரா ஓடிட்டுத்தான் இருக்கு, சிரிச்சிட்டு எந்திரிடா."

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. பரஞ்சோதி சிரிக்கவில்லை. யாரோ தாமோதரனைத் தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். கேமரா மேலும் சிறிது நேரம் அந்த முகத்திலேயே நின்றது. அவர் நன்றாக இறந்திருந்தார் என்று சொல்ல முடியாது. வாய் சற்றுக் கோணியிருந்தது. திரையில் அவர் அப்படி ஒருபோதும் இறந்ததில்லை.

தாமோதரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, அறையைவிட்டு வெளியே போனார்.

ஷெரின் மூக்கை உறிஞ்சினாள். "இதத்தான் மேடம் அதுக்குக் காட்டணும். கட் சொல்றாங்க, கூப்பிடறாங்க, எந்திரிக்கல. இப்படி ஒண்ணு அதுகிட்ட இல்லவே இல்ல."

"கொடுத்துடு" என்றாள் வாசுகி.

சாயல் அதைப் பார்த்தது. நடிப்பல்லாத அந்த ஒன்று, நடித்த அத்தனையையும்விடக் கனமாக இருந்ததுபோலும். அடுத்த முறை மாதவராயன் யாமினியின் மடியில் இறந்தபோது வாய் சற்றுக் கோணியது. விரல்கள் அழகாகத் தளரவில்லை, வெறுமனே தளர்ந்தன. ஷெரின் கட்டளைமேல் கட்டளையாகக் கொடுத்துப் பார்த்தாள். அவன் எழவில்லை.

நந்தகோபால் நேரில் வந்து நின்றார். "ஆவியாவாச்சும் எந்திரிக்கச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் சார்."

"என்ன பண்ணுது?"

"படுத்திருக்கு சார்."

அவர் வாசுகியின் பக்கம் திரும்பினார். "என்னங்க மேடம் கொடுத்தீங்க அதுக்கு?"

"ஒரு காட்சி விட்டுப்போச்சு. அதக் கொடுத்தேன்."

முதலில் வந்த சிரிப்புக் காட்சி அவர் கையில் இருந்தது உண்மைதான். ஆனால் மரணத்துக்குப் பிந்தைய எந்தக் காட்சிக்கும் சாயல் எழாதபோது, ஒரேயொரு சிரிப்பை வைத்துக்கொண்டு ஓராண்டு ஓட்ட முடியாது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. மாதவராயன் வெள்ளிக்கிழமை இறக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஏதோ யோசித்தபடி போய்விட்டார்.

அந்த இறுதிப் பகுதிக்கு ஒரு பழைய நினைவுக்காட்சி தேவைப்பட்டது: தோட்டத்தில், நனைந்த குடையோடு, மாதவராயன் யாமினியை முதன்முதலில் பார்க்கும் கணம். ஷெரின் அதைச் சாயலிடம் கேட்டு வாங்கினாள். வாசுகி கண்ணாடி அறையில் நின்று பார்த்தாள். அவர் குடையை மடக்கினார், அவளைப் பார்த்தார், வசனத்தைச் சரியாகச் சொன்னார். புன்னகைக்கவேண்டிய இடத்தில் முகம் அப்படியே இருந்தது.

அறையின் ஒலிபெருக்கியில் ஷெரினின் குரல் வந்தது. "மன்னிச்சிடுங்க மேடம். நீங்க கொடுத்ததப் பார்த்தப்புறம் அது எதுக்குமே சிரிக்க மாட்டேங்குது. சிரிப்பும் எந்திரிக்கிறதும் அதுக்கு ஒண்ணா இருந்திருக்கு போல. ஒண்ண எடுத்தா இன்னொண்ணும் போயிடுச்சு."

"வசனம் போடறேன், ஓட்டும்மா" என்றாள் வாசுகி.

வெள்ளிக்கிழமை மாதவராயன் இறந்தான். சிரிக்காத காதலனின் அந்த நினைவுக்காட்சியை விமரிசகர்கள் வியந்து எழுதினார்கள். மரணத்தை முன்னுணர்ந்த முகம் என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை இரவே ஷெரின் சாயலை அழித்தாள். அதற்கு ஒரு பொத்தான் போதுமாயிருந்தது. வாசுகி அருகில் நின்று பார்த்தாள். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. திரையில் காத்திருக்கும் வட்டம் ஒன்று சுழன்று நின்றது.

அழித்து முடித்து வீடு திரும்பும் வழியிலேயே நந்தகோபால் அழைத்தார். "மேடம், யாமினிக்கு உங்க குரல்தான். திங்கக்கிழமைப் பகுதிக்கு நாளைக்கு டப்பிங். மாதவராயன் எந்திரிக்கிறார்."

"எப்படி?"

"வேற ஆளுங்க. சமையல் போட்டில ஜெயிச்சாரே, அந்தப் பையன். பழைய மாதிரி ஒரு அட்டை போட்டுட்டாப் போச்சு. எதுக்குங்க இத்தன நாள் இவ்வளவு சிரமப்பட்டோம்னு எனக்கே இப்ப சிரிப்பா வருது."

அவர் சொன்னதில் பிழையில்லை. நடிகர் மாறினால் "இவருக்குப் பதில் இனி இவர்" என்று எழுதிய ஓர் அட்டையைத் தொடரின் தொடக்கத்தில் காட்டுவது சின்னத்திரையின் ஆதிகாலத்து உத்தி. அந்த அட்டை எதையும் விளக்கவேண்டியதில்லை. முகமும் குரலும் உயரமும் மாறலாம், ஊர் ஏற்றுக்கொண்டுவிடும். எந்தப் பொறியாளரும் அதை விஞ்சியதில்லை. வாசுகி மறுநாள் போனாள். எழுந்துவந்த அந்தச் சமையற்காரரை யாமினி கட்டிக்கொண்டு அழும் காட்சிக்குக் குரல் கொடுத்தாள். ஒரே தடவையில் பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அட்டை விளம்பரமாக ஓடியது. இடப்பக்கம் பரஞ்சோதி, வலப்பக்கம் புதியவர், நடுவில் ஓர் அம்புக்குறி.

திங்கட்கிழமை மாலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு மங்கையர்க்கரசியம்மாள் நின்றிருந்தார். வாசுகியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினார்.

"போயிட்டாரேம்மா… போயிட்டாரே! நேத்து டிவில போட்டதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நீங்கதானே அன்னிக்கு வந்தவங்களுக்கெல்லாம் மோர் கொடுத்தீங்க?" என்றாள் வாசுகி.

"கொடுத்தேன். அதுக்கென்ன?" அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அன்னிக்கு உடம்புதானேம்மா போச்சு. ஆளு தெனம் ஏழரைக்கு வந்துட்டுத்தானே இருந்தாரு. இப்பதானே ஆளே போயிட்டாரு."

அவர் வாசுகியைச் சோபாவில் உட்காரவைத்துத் தானும் அருகில் உட்கார்ந்தார். தலையைத் தடவிக்கொடுத்தார். காபி போடட்டுமா என்று கேட்டார். ராத்திரிக்கு ஒன்றும் செய்யவேண்டாம், தோசை கொண்டுவருகிறேன் என்றார். இத்தனை மாதங்களில் வாசுகியிடம் எவரும் இப்படிப் பேசவில்லை. நாள்தோறும் கணவனைத் தொலைக்காட்சியில் பார்க்க முடிகிற ஒருத்திக்கு ஆறுதல் சொல்ல எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

மங்கையர்க்கரசியம்மாளின் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது.

"தப்பா எடுத்துக்காதேம்மா. புது ஆளு எப்படியிருக்கான்னு ஒரு பார்வ பார்த்துட்டு ஓடியாந்துடறேன். நல்லா இல்லேன்னா பாதியிலயே வந்துடுவேன்."

அவர் படியிறங்கினார். சிறிது நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து பனிமாடத்தின் முகப்பிசை எழுந்தது. பிறகு வாசுகியின் குரல், "வந்துவிட்டீர்களா? நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்றது, விம்மியது, அழுதது.

சோபாவில் இருந்தவளும் அழுதுகொண்டிருந்தாள். கீழே கேட்ட அழுகை நன்றாக இருந்தது. மூச்சு சரியான இடத்தில் உடைந்தது. ஒவ்வொரு விம்மலும் யாமினியின் உதட்டில் பிசகாமல் அமர்ந்தது. மேலே கேட்டது அவ்வளவு திருத்தமாக இல்லை.